ராஜா கையெழுத்துப் போடும் முன் கட்டிய பேனர்

வெளிநாட்டில் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போகப் பயிற்சி எடுக்கும் தங்கச்சிகளுக்கு,

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று மறந்துபோகும். உங்கள் பயிற்சி மேடம் என்னை வகுப்புக்கு வந்து பேசச் சொன்னார். நாலு பேர் முகத்தைச் சேர்த்துப் பார்த்தாலே எனக்கு நா எழாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது அதுவும் கஷ்டமாக இருக்கிறது.

துணி துவைப்பது, படுக்கை விரிப்பது எல்லாம் மேடம் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் வாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் சாலவாக்கத்துக்காரி. ஒரு டாக்டர் குடும்பம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை ஒரு தீவு நாட்டுக்குக் கூட்டிப்போனது. குழந்தை வளர்ந்தது, அவர்கள் வேறு நாட்டுக்குப் போனார்கள், நான் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த நாட்டு கவர்னர் ஜெனரல் வீட்டில் துணி அறை வேலை கிடைத்தது. ராணி காலத்தில் சேர்ந்தேன், ராஜா காலத்தில் வெளியே வந்தேன். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். வேலையில் சேரும்போது, உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை ஒரு தடவை மீறினேன். அதுதான் இந்தக் கதை.

கவர்னர் ஜெனரல் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் ஓட்டு உண்டு, எம்.பி.க்கள் உண்டு, பிரதமர் உண்டு. ஆனால் லண்டனில் இருக்கிற ராஜாதான் அவர்களுக்கும் ராஜா. அவர் அவ்வளவு தூரம் வந்து உட்கார முடியாது இல்லையா, அதனால் அவர் இடத்தில் ஒருவர் இருப்பார். சட்டசபையைத் திறந்துவைப்பார், சட்டத்தில் கையெழுத்துப் போடுவார், பரிசு கொடுப்பார். அதிகாரமெல்லாம் பிரதமரிடம். ஆனால் எல்லோரும் எழுந்து நிற்பது இவருக்குத்தான்.

அந்த வீட்டை நடத்தியவர் ஒரு செக்ரட்டரி. வயதானவர், மெதுவாகப் பேசுவார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்த புதிதில், விருந்துக்கு வந்து தங்கிய ஒரு மந்திரியின் கோட்டுப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அப்படியே கொண்டுபோய் செக்ரட்டரி கையில் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதைப் படிச்சியா?” என்றார். இல்லை என்றேன். அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் நல்ல பெயர். மாடியில் முக்கியமான விருந்தாளி தங்கினால் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படிக்கத் தெரியாமல் படிக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பெயர் அது. நானும் என்னை ரகசியம் காப்பவள் என்று நம்பிக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, அப்போது இருந்த கவர்னர் ஜெனரல் ஓய்வு பெறும் காலம் வந்தது. அடுத்தது யார் என்று சமையல்கட்டில் ஒரே பேச்சு. செக்ரட்டரி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

“பேரைப் பிரதமர் பார்த்து எடுப்பார். எடுத்து ராஜாவுக்கு எழுதுவார். ராஜா சரின்னு கையெழுத்துப் போடுவார். அது வர்ற வரைக்கும் இந்த வீட்ல எந்தப் பேரும் கிடையாது” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். கூட்டத்தில் கேட்கவில்லை, பிறகு தனியாகக் கேட்டேன். “ராஜா வேணாம்னு சொல்லுவாரா சார்?”

“சொல்ல மாட்டார். அவரா ஒரு பேரையும் சொல்ல மாட்டார்.”

“அப்புறம் எதுக்கு சார் மறைக்கணும்?”

“அவரைக் கேக்கறதுக்கு முன்னாடி ஊருக்குத் தெரிஞ்சிட்டா, அவரைக் கேட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்மா” என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. நம் பக்கத்தில் கல்யாணம் எல்லாம் பேசி முடித்திருப்போம். ஆனாலும் தாய்மாமனிடம் போய் ஒரு வார்த்தை கேட்போம். அவர் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அவரைக் கேட்கும் முன் பத்திரிகை அடித்துவிட்டால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சில தீவுகளில் எம்.பி.க்களே ஓட்டுப் போட்டு ஒரு பெயரை எடுத்து ராஜாவுக்கு அனுப்புவார்களாம். சில இடங்களில் பிரதமர் எதிர்க்கட்சித் தலைவரையும் கலந்து பேச வேண்டுமாம். எங்கள் தீவில் பிரதமர் ஒருவர்தான். எங்கே எப்படி எடுத்தாலும், கடைசியில் ராஜா கையெழுத்து வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவும் எனக்குப் புரிந்திருந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

அடுத்த சில நாளில் ஒரு அம்மா தேநீருக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரம்மா என்றே எழுதுகிறேன். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர்கள். தமிழ் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது. ஆனால் முகம் நம் பக்கத்து முகம்தான். உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் எந்த ஊரம்மா என்று கேட்டிருப்பேன்.

தேநீர் முடிந்ததும் பழைய கவர்னர் ஜெனரலின் வீட்டம்மா அவரை மாடிக்குக் கூட்டிவந்தார். நான் துணி அறையில் இருந்தேன். டீச்சரம்மா படுக்கை அறையை எட்டிப் பார்த்தார். “என் தலையணையை நான் கொண்டுவரலாமா?” என்று கேட்டார். தேநீருக்கு வந்த விருந்தாளி கேட்கிற கேள்வியா அது? நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

போன் வந்ததென்று வீட்டம்மா கீழே போனார். டீச்சரம்மா என்னிடம் வந்தார். “நீ இந்தியாவா? எந்தப் பக்கம்?” என்றார். சொன்னேன். “என் கொள்ளுத்தாத்தாவோட கப்பல் சீட்டுல செங்கல்பட்டுன்னு இருக்கு. அது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்றார். எங்கள் ஊரும் முன்னாளில் செங்கல்பட்டு ஜில்லாதான் அம்மா என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எங்க அம்மா இந்த வீட்டுப் பின்வாசல்ல கீரை வித்தாங்க. முன்வாசல் வழியா எங்க குடும்பத்துல ஒருத்தர் உள்ள வந்தது இன்னிக்குத்தான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிரதமர் கேட்டார், சரின்னுட்டேன். காகிதம் இன்னும் போகல. நீ ஒண்ணும் கேக்கல, சரியா?” என்றார்.

“நான் ஒண்ணுமே கேக்கலம்மா” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பியோடு வீடியோவில் பேசினேன். இங்கே சாலவாக்கத்தில் அப்போது சாயங்காலம். அவன் பேரனுக்குக் காது குத்து. உறவெல்லாம் கூடியிருந்தது. தம்பிக்கு பேனர் என்றால் உயிர். காது குத்து, மஞ்சள் நீர், யாராவது பதவி வாங்கினால், வாங்காவிட்டால், எல்லாவற்றுக்கும் பேனர் கட்டுவான். ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் நிற்பான்.

“இன்னாக்கா, இன்னும் துணிதான் தேச்சிக்கினு கீறியா?” என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். “ஊரே கேக்குது, உங்க அக்கா கவர்னரு வூட்ல இன்னா பண்ணுதுன்னு. இஸ்திரி போடுதுன்னா சொல்றது? உன்ன வச்சி ஒரு பேனரு அடிக்க முடியுதா என்னால?”

“கம்னு கெட” என்றேன்.

“நெசமாத்தான் சொல்றேன். அத்தினி வருசமா அங்க கீற. சொல்லிக்கிற மாரி ஒரு சேதி உண்டா உன்கிட்ட?”

நான் சின்ன வயதிலிருந்தே பேசாதவள். அவன்தான் பேசுவான், நான் சோறு போடுவேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவன் வாய் அடைத்துப்போவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

“இஸ்திரி போடுற வூட்டுக்கு யாரு வரப்போறாங்கன்னு தெரியுமாடா உனுக்கு?” என்று ஆரம்பித்தேன். முடித்தேன். செங்கல்பட்டையும் சேர்த்தே சொன்னேன்.

அவன் வாய் அடைத்துத்தான் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். “நானு யார்கிட்ட சொல்லப் போறேன்?” என்றான்.

இத்தனை காலம் வாயை அடக்கத் தெரிந்தவள் என்று என்னை நினைத்திருந்தேன். என்னிடம் யாரும் எதையும் கேட்காததால்தான் சும்மா இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை ராத்திரி, ஊரில் அப்போது வெள்ளிக்கிழமை காலை, போனில் ஒரு படம் வந்து கிடந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பேனர். நடுவில் டீச்சரம்மா. அவர் பள்ளிக்கூடத்துப் படத்தை எங்கிருந்தோ எடுத்திருக்கிறான். வழக்கமாகக் கட்சித் தலைவர்கள் இருக்கும் மேல் மூலையில் லண்டன் ராஜா. கீழே கறுப்புக் கண்ணாடியோடு தம்பி. ‘குடவோலை கண்ட மண்ணிலிருந்து கடல் கடந்து ஆளப்போகும் எங்கள் மண்ணின் மகளே, வருக’ என்று எழுத்து. அதற்குக் கீழே சாலவாக்கம், பழைய செங்கல்பட்டு ஜில்லா என்று ஊர்ப் பெயர்.

உடனே போன் போட்டேன். “டேய், மொதல்ல அத்த கயட்டுடா.”

“இன்னாக்கா பேஜார் பண்ற? இப்பத்தான் கட்டி முடிச்சி நாஷ்டா துன்ன உக்காந்தேன். ஜனம் நின்னு போட்டோ புடிச்சிக்கினு போவுது.”

“அந்தம்மாவுக்குப் பதவி போயிடும்டா.”

“நல்லா இருன்னு சொன்னா பதவி போவுமா? எந்த ஊர்ல கீது அந்த மாரி?”

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு நான் அழுவதைக் கேட்டுவிட்டு, பாதி இட்லியில் எழுந்துபோய்க் கழற்றினான். அதற்குள் படம் எங்கெங்கேயோ போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தீவின் பேப்பரில், யாரோ இங்கிலீஷில் மாற்றிச் சொன்ன வாசகத்தோடு, அந்தப் படம் வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள்: ராஜாவுக்கே தெரியாத பெயர் இந்தியாவில் ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எப்படித் தெரியும்? அந்த மண்ணின் மகள் என்றால் நம் மண்ணில் ராஜாவின் இடத்தில் எப்படி உட்காருவார்? டீச்சரம்மா பிறந்தது, அவர் அம்மா பிறந்தது எல்லாம் அந்தத் தீவில்தான். அதை அவர் வாயால் சொல்லவேண்டிய நிலைமை வந்தது.

செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் பேப்பர் விரித்திருந்தது. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு” என்றார்.

படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். “மண்ணின் மகள்னா அங்கேயே பிறந்தவங்கன்னு அர்த்தமா?”

இந்த இடத்தில்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அது ஒரு மரியாதைக்கு எழுதுவது சார், எங்கள் ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் அப்படி எழுதுவார்கள், கட்டினவன் என் தம்பி, உளறினவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லவில்லை. “மகள்னா மகள்தான் சார்” என்றேன்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல சார்.”

அவர் பேனாவை மூடினார். “நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏதாவது?”

“இல்ல சார்.”

கதவு வரை வந்த பிறகு மறுபடியும் கூப்பிட்டார். “ஒண்ணுமே இல்லையா?”

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் துணி அறையை விட்டு வெளியே வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் போய் செக்ரட்டரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னிக்குக் காலையில பிரதமர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துது. அப்படி ஒரு பேரையே நாங்க நினைக்கலன்னு அறிக்கை விடப் போறாங்க” என்றார்.

“அதை நிறுத்த முடியாதா சார்?” என்றேன்.

“திங்கட்கிழமையே நீ சொல்லியிருந்தா, நம்ம வீட்டு வேலைக்காரம்மாவோட தம்பி ஆசையில கட்டினதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன். சிரிச்சிட்டு விட்டிருந்தாலும் விட்டிருப்பாங்க. இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“பேனர்ல சாலவாக்கம்னு என் ஊர்ப் பேரு போட்டிருந்துதே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நேராக் கேட்டிருக்கக் கூடாதா சார்?” என்று அழுதேன். அப்போதும் பழியை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன் பாருங்கள்.

“கேட்டேனேம்மா. மூணு தடவை கேட்டேன்” என்றார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. டீச்சரம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்று கெஞ்சினேன். “அது நான் சொல்றதுக்கு இல்ல” என்று மட்டும் சொன்னார்.

ஒரு பழைய ஜட்ஜின் பெயர் லண்டனுக்குப் போய்க் கையெழுத்தாகி வந்தது. பதவி ஏற்கும் நாளில் ராஜாவின் காகிதத்தை ஒருவர் உரக்கப் படித்தார். நம் நம்பிக்கைக்கும் அன்புக்கும் உரிய இன்னார் என்று அதில் பெயருக்கு முன்னால் வரும். அந்த மேஜைக்குத் துணி விரித்தது நான். டீச்சரம்மாவும் அழைப்பின் பேரில் வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டும்போது அவரும் தட்டினார்.

விருந்து நடக்கும்போது அவரே துணி அறைக்கு வந்தார். நான் அவர் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “கட்டினது என் தம்பிம்மா. அவன்கிட்ட சொன்னது நான்.”

“தெரியும்” என்றார். “இந்த ஊர்ல செங்கல்பட்டுன்னு நான் சொன்னது உன் ஒருத்திகிட்ட மட்டும்தான்.”

அவர் கைப்பையைத் திறந்து, பேப்பரிலிருந்து வெட்டிய அந்தப் பேனர் படத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

“இதுல என் பேர் எது?” என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்து அதன் மேலே தடவிப் பார்த்தார். “என் கொள்ளுத்தாத்தா கைநாட்டு. அவருக்கும் தன் பேர் எதுன்னு தெரிஞ்சிருக்காது” என்றார். பிறகு படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விருந்துக்குப் போனார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று காத்திருந்த எனக்கு அதிலும் ஒரு வெட்கம்.

தங்கச்சிகளே, பெரிய வீட்டில் ரகசியம் உங்களைத் தேடி வரும். தலையணை, மருந்துச் சீட்டு, கழுவாத டம்ளர் எல்லாம் பேசும். என்றாவது ஒரு நாள் ஊரிலிருந்து போனில் உங்களைச் சீண்டுவார்கள். அப்போது வாயைக் கட்டுங்கள். கட்ட முடியாமல் போய்விட்டால், அது மனுஷத் தப்பு. ஆனால் யாராவது “வேற ஏதாவது சொல்லணுமா” என்று கேட்டால், முதல் தடவையிலேயே சொல்லிவிடுங்கள். நான் கெடுத்தது ஞாயிற்றுக்கிழமை இல்லை, திங்கட்கிழமை. என் கூச்சம் எனக்கு அடக்கம் மாதிரி தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அது என்னவாக முடிந்தது என்று பாருங்கள்.

மேடத்துக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். ராஜாவுக்குக் காகிதம் போகும் முறையை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று படித்தவர்கள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஜட்ஜ் ஐயா ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், அந்தப் பேனர் சத்தத்துக்கு முன்னாலேயே பிரதமர் தன்னை வந்து பார்த்ததாகச் சொன்ன மாதிரி என் காதில் விழுந்தது. நான் தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. அது நிஜம் என்றால் என் மேல் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் டீச்சரம்மாவிடம் சரி என்று வாங்கிக்கொண்டு, அதே நேரத்தில் இன்னொருவர் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். அது அவருக்கு என் தம்பியின் பேனரைவிடப் பெரிய அவமானம். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாட்டின் பெயரை உங்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். அந்த ஊர்ப் பழைய பேப்பர்களைத் தேடி, எந்தக் கிழமை யார் யார் வீட்டுக்குப் போனார் என்று பார்த்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.